பழைய ஹைபிரிட்டுக்குப் பிறகு பிளக்-இன் ஹைபிரிட்: யாருக்குக் கட்டுப்படியாகும்?

பெட்ரோலிலும் ஓடும், சுவர் பிளக்கில் சார்ஜ் ஏற்றிய மின்சாரத்திலும் ஓடும் பிளக்-இன் ஹைபிரிட் காரை எடைபோடும் கட்டுரைகளில் பெரும்பாலானவை அதைச் சாதாரண பெட்ரோல் காருக்குப் பக்கத்தில் நிறுத்தியே பேசுகின்றன. லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடும் காரை விற்றுவிட்டு வருபவருக்கு அந்த ஒப்பீடு பொருந்தும். பெட்ரோல் இன்ஜினுக்கு ஒரு மின்மோட்டாரும் சிறு பேட்டரியும் துணை நிற்கும் சாதாரண ஹைபிரிட்டைப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக ஓட்டிவருபவரின் நிலைமை வேறு. லிட்டருக்கு 20 கிலோமீட்டர் என்பது அவருக்குப் பழகிப்போன விஷயம். மிச்சப்படுத்த வேண்டியதில் பெரும்பகுதியை அவர் ஏற்கெனவே மிச்சப்படுத்தி முடித்துவிட்டார். அவர் முன்னால் இருப்பவை மூன்று வழிகள்: கையில் இருக்கும் காருக்கே புதிய பேட்டரி போட்டு ஓட்டுவது, இன்றைய சாதாரண ஹைபிரிட்டை வாங்குவது, பிளக்-இன் ஹைபிரிட்டுக்கு மாறுவது. முழு மின்சாரக் கார் என்ற நான்காவது வழியும் உண்டு என்றாலும், நெடுந்தூரப் பயணத்துக்குப் பெட்ரோல் டேங்க் இருந்தே ஆக வேண்டும் என்று நினைப்பவர்களுக்காகவே இதை எழுதுவதால், அதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் இரண்டு பேட்டரிகளையும் பார்த்துவிடலாம். 2003இல் வந்த இரண்டாம் தலைமுறை டொயோட்டா பிரியஸிலும், 2009இல் வந்த மூன்றாம் தலைமுறையிலும் இருப்பது 28 தொகுதிகளில் அடுக்கிய 168 நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள், மின்னழுத்தம் 201.6 வோல்ட், கொள்ளளவு சுமார் 1.3 யூனிட். இது சில்லறைப் பை மாதிரி: பிரேக் போடும்போது கொஞ்சம் சேரும், கிளம்பும்போது அது செலவாகும். மூன்றாம் தலைமுறையில் மின்சாரத்தில் மட்டும் ஓட ஒரு பொத்தான் உண்டு. மெதுவாக ஓட்டினால் ஒன்றரைக் கிலோமீட்டர் போவதற்குள் இன்ஜின் விழித்துக்கொள்ளும். அந்தப் பையில் விழும் ஒவ்வொரு காசும் கடைசியில் பெட்ரோலிலிருந்துதான் வருகிறது என்பதை மறக்கக் கூடாது. பிளக்-இன் ஹைபிரிட்டில் அந்தப் பை ஒரு பெட்டியாகிறது, அதைச் சுவரில் இருக்கும் பிளக்கிலிருந்தும் நிரப்ப முடிகிறது. 2012 பிரியஸ் பிளக்-இன்னில் 4.4 யூனிட், 2017 பிரியஸ் பிரைமில் 8.8, 2023 மாடலில் 13.6 என்று பேட்டரி வளர்ந்திருக்கிறது. அமெரிக்க அரசின் சோதனைக் கணக்கில் இவை மின்சாரத்தில் ஓடும் தூரம் முறையே சுமார் 18, 40, 70 கிலோமீட்டர். 12 யூனிட்டில் தொடங்கிய மிட்சுபிஷி அவுட்லேண்டர் பிற்பாடு 20 யூனிட்டைத் தாண்டிவிட்டது. 2010இன் இறுதியிலேயே 16 யூனிட்டோடு வந்த செவ்ரோலெட் வோல்ட், 2019இல் உற்பத்தி நிறுத்தப்பட்டதால், இப்போது பழைய கார்ச் சந்தையில்தான் கிடைக்கும்.

இந்தத் தூரங்களை விளம்பரத்தில் படிப்பதைவிட, சொந்தப் பயணக் குறிப்போடு வைத்துப் பார்ப்பது பயன் தரும். என் பழைய ஹைபிரிட்டின் ஓட்டத்தை ஒரு வாரம் குறித்து வைத்தேன்: திங்கள் முதல் வெள்ளி வரை 38, 41, 36, 40, 44 கிலோமீட்டர், சனிக்கிழமை 12, ஞாயிற்றுக்கிழமை 130, ஆக மொத்தம் 341. இரவுதோறும் சார்ஜ் ஏற்றினால் நடைமுறையில் 60 கிலோமீட்டர் மின்சாரத்தில் ஓடும் ஒரு பிளக்-இன், இதில் 271 கிலோமீட்டரைப் பெட்ரோல் இல்லாமல் கடந்துவிடும். அதாவது ஐந்தில் நான்கு பங்கு. 30 கிலோமீட்டர் ஓடும் கார் 192 கிலோமீட்டரோடு, பாதிக்குச் சற்று மேலே நின்றுவிடும். 18 கிலோமீட்டர் ஓடும் முதல் தலைமுறைப் பிளக்-இன்னோ 120ஐத்தான் தொடும். யானைப் பசிக்குச் சோளப்பொரி. 18 என்பது 30 ஆனபோது 72 கிலோமீட்டர் கூடியது, 30 என்பது 60 ஆனபோது 79 கிலோமீட்டர் கூடியது. அதற்கு மேல் பேட்டரி பெருத்தால் எனக்குக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமையின் எஞ்சிய தூரம் மட்டுமே. அன்றாட ஓட்டத்தைச் சற்றே தாண்டி நிற்கும் பேட்டரி போதும். அதைவிடப் பெரியதைச் சும்மா சுமந்து திரிய வேண்டியதில்லை.

இனி செலவுக் கணக்கு. பழைய ஹைபிரிட்டில் இந்த 341 கிலோமீட்டருக்கு 17 லிட்டர் பெட்ரோல் ஆகிறது. சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து, பிளக்கில் எடுக்கும் ஒரு யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 60 கிலோமீட்டர் ஓடும் பிளக்-இன் அதே வாரத்துக்கு 45 யூனிட் மின்சாரமும் மூன்றரை லிட்டர் பெட்ரோலும் கேட்கும். ஆக, 45 யூனிட்டைக் கொடுத்துப் பதின்மூன்றரை லிட்டரை மிச்சம் பிடிக்கிறோம். இதே 45 யூனிட், லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடும் காரிலிருந்து வருபவருக்கு முப்பது லிட்டருக்கு மேல் மிச்சம் தரும். பிளக்-இன் வாங்கிய நண்பர் சொல்லும் லாபம் ஹைபிரிட்காரருக்கு ஏன் வாய்ப்பதில்லை என்பதற்கு இதுதான் விடை. ஒரு லிட்டர் பெட்ரோலின் விலையை ஒரு யூனிட் மின்சாரத்தின் விலையால் வகுத்துப் பார்க்கலாம். விடை 3.3க்கு மேல் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவுக்கு மின்சாரம் லாபம். அதற்குக் கீழே வந்துவிட்டால் பழைய காரின் பெட்ரோலே மலிவு. கடுங்குளிரிலும் நெடுஞ்சாலை வேகத்திலும் யூனிட்டுக்கு 5 கிலோமீட்டர்தான் கிடைக்கும் என்பதால், அப்போது இந்த எல்லை 4 ஆக உயரும். வீட்டு மின்கட்டணத்தில் பெரும்பாலும் தேறிவிடும் இந்தக் கணக்கு, பொதுச் சார்ஜிங் நிலையங்களின் கட்டணத்தில் பல சமயம் தலைகீழாகிவிடுகிறது. பத்து யூனிட்டுக்காக நிலையம் தேடிப் போய்க் காத்திருப்பது, சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கணக்கில்தான் முடியும்.

மேலே சொன்ன எல்லாம் இரவுதோறும் சார்ஜ் ஏற்றுபவருக்கான கணக்கு. ஏற்றாதவர்கள் எத்தனை பேர் என்பதற்கு ஐரோப்பிய ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கை ஒரு சான்று. 2021இல் பதிவான கார்களிலேயே இருக்கும் எரிபொருள் அளவுமானிகளின் தரவைக் கொண்டு பார்த்ததில், பிளக்-இன் ஹைபிரிட்களின் உண்மையான கரியமில வாயு வெளியீடு சோதனைக்கூடக் கணக்கைப் போல் சராசரியாக மூன்றரை மடங்கு இருந்தது. சாதாரண பெட்ரோல், டீசல் கார்களில் இந்த வித்தியாசம் ஐந்தில் ஒரு பங்கு அளவே. எதிர்பார்த்த அளவுக்குச் சார்ஜ் ஏற்றப்படவுமில்லை, மின்சாரத்தில் ஓட்டப்படவுமில்லை என்பதே அறிக்கை சொல்லும் காரணம். சார்ஜ் ஏற்றாத பிளக்-இன் என்பது நூறு கிலோவுக்கு மேல் கூடுதல் எடையைச் சுமந்துகொண்டு ஓடும் ஹைபிரிட், அவ்வளவுதான்.

கையிலிருக்கும் காரை வைத்துக்கொள்ளும் வழியைப் பலர் எடுத்த எடுப்பில் ஒதுக்கிவிடுகிறார்கள். எச்சரிக்கை முக்கோணம் எரிந்ததும் கார் முடிந்துவிட்டது என்று நினைப்பது அவசரம். 28 தொகுதிகளில் ஒன்று தளர்ந்தாலே விளக்கு எரியும். அந்த ஒன்றை மட்டும் மாற்றித் தருகிறேன் என்று சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. மாற்றிய சில மாதங்களில் அதே வயதுடைய பக்கத்துத் தொகுதி தளரும், மறுபடி கழற்ற வேண்டும். மாற்றுவதென்றால் முழுப் பேட்டரியையும் புதிய செல்களோடு மாற்றுவதே முறை. அதற்கும் முன்னால், பின் இருக்கையின் ஓரத்தில் பேட்டரிக்குக் காற்று இழுக்கும் சல்லடையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். என் காரில் அதைக் கழற்றியபோது பஞ்சும் முடியும் தூசியும் கம்பளித் துணிபோல் ஒட்டிக்கிடந்தன. சுத்தம் செய்ததும் வெயில் நாட்களில் ஓயாமல் இரைந்துகொண்டிருந்த மின்விசிறி அடங்கிப்போயிற்று. பேட்டரி நல்ல நிலையில் இருந்தாலும் காரின் மற்ற உறுப்புகளுக்கும் வயதாகிறது என்பது எதிர்ப்பக்க நியாயம். பிரேக் அழுத்தத்தை ஆளும் கருவி, பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டரைக் குளிர்விக்கும் பம்ப், புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும், கரி அடைத்துக்கொள்ளும் இ.ஜி.ஆர். குழாய் ஆகியவற்றில் இரண்டு ஒரே ஆண்டில் கைவிரித்தால், பேட்டரிக்குச் செலவழித்ததை நினைத்து வருந்த நேரிடும். உடல் துருப்பிடிக்காமல், இன்ஜின் கூலன்ட் குறையாமல் இருக்கும் காருக்கு மட்டுமே புதிய பேட்டரி போட நான் சம்மதிப்பேன்.

இன்றைய சாதாரண ஹைபிரிட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2023இல் வந்த ஐந்தாம் தலைமுறை பிரியஸ் அமெரிக்கச் சோதனையில் லிட்டருக்குச் சுமார் 24 கிலோமீட்டர் தருகிறது. மூன்றாம் தலைமுறைக்கு அதே சோதனையில் கிடைத்தது 21. எரிபொருளை மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசத்துக்காக யாரும் கார் மாற்ற மாட்டார்கள். பாதுகாப்பு அமைப்புகளுக்காகவும் வாரண்டிக்காகவும் மாற்றலாம். பிளக்குக்கு வழியே இல்லாதவர் புதிய கார் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், இதை வாங்கிவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

பிளக்-இன்னில் இழக்கும் வசதிகளை விற்பனையாளர் எடுத்துச் சொல்வதில்லை. பெரிய பேட்டரிக்கு இடம் விடுவதால் சில மாடல்களில் டிக்கியின் தளம் உயர்கிறது. பல மாடல்களில் ஸ்டெப்னி இருப்பதில்லை, பஞ்சர் ஒட்டும் திரவமும் காற்றடிக்கும் சிறு பம்புமே கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் விற்ற 2017 பிரியஸ் பிரைமில் பின்னால் இருவர் மட்டுமே உட்கார முடிந்தது. ஐந்தாவது இருக்கை 2020 மாடலில்தான் வந்தது. பேட்டரியை நம்பி இன்ஜினை மறந்துவிடவும் முடியாது. அபூர்வமாக ஓடும் இன்ஜினுக்கும் எண்ணெயைக் காலக்கெடுப்படி மாற்றியாக வேண்டும். டேங்க்கில் மாதக்கணக்கில் கிடக்கும் பெட்ரோல் தரம் கெடும் என்பதால், வோல்ட் போன்ற கார்கள் பழைய பெட்ரோலைத் தாமே எரித்துத் தீர்க்கும் ஏற்பாட்டோடு வந்தன. வெளிக்காற்றின் வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே இழுத்துத் தரும் வெப்பப் பம்ப் இல்லாத சில மாடல்களில், குளிர்காலத்தில் ஹீட்டரைப் போட்ட உடனே, பேட்டரி நிறைந்திருந்தாலும் இன்ஜின் கிளம்பிவிடும். குளிர்ப் பிரதேசத்தில் இருப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

இதையெல்லாம் தாண்டி, ஓட்டும் சுகத்தில் பிளக்-இன் தனித்து நிற்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய பிரியஸில் சக்தியைப் பிரித்துத் தரும் கியரின் அமைப்பினால், இரண்டாம் தலைமுறையில் ஏறத்தாழ 68 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினாலே இன்ஜின் சுழன்றாக வேண்டும். பிரைமில் இன்ஜின் பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் ஒருவழிக் கிளட்ச் சேர்க்கப்பட்டதால், இரண்டு மோட்டார்களும் சேர்ந்து சக்கரத்தைத் தள்ளுகின்றன. நெடுஞ்சாலை வேகத்திலும் இன்ஜின் உறங்கலாம். ஆக்சிலரேட்டரில் முட்டை வைத்ததுபோல் மிதித்துப் பழகிய பழைய ஹைபிரிட்காரருக்கு, மிதித்த மாத்திரத்தில் சத்தமில்லாமல் வண்டி பாய்வது புதிய அனுபவமாகவே இருக்கும். இதற்கு லிட்டர் கணக்கு கிடையாது. ஆனாலும் பலர் மாறுவதற்கு உண்மையான காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

பழைய பிளக்-இன் வாங்குவது மூன்றுக்கும் நடுவில் ஒரு வழி. இதன் பேட்டரி, சாதாரண ஹைபிரிட்டின் பேட்டரியைப் போல் நடுவாந்தரச் சார்ஜில் ஊசலாடாமல், ஏறக்குறைய முழுவதும் நிறைந்து காலியாகிற வேலையைத் தினமும் செய்வதால், மின்சாரத்தில் ஓடும் தூரம் காலப்போக்கில் குறையும். ஆனால் குறைந்தாலும் கார் நின்றுவிடாது. நிறைந்த பேட்டரி 40 கிலோமீட்டருக்குப் பதில் 30 தந்தால், மிச்சத்தை ஹைபிரிட்டாக ஓடிக் கடக்கும். பார்க்கப் போகும்போது, முந்தைய இரவே முழுச் சார்ஜ் ஏற்றி வைக்கச் சொல்லிவிட்டு, திரையில் காட்டும் தூரத்தை நம்பாமல் இன்ஜின் முதன்முதலில் கிளம்பும்வரை ஓட்டிப் பார்க்க வேண்டும். பிறகு காலி பேட்டரியோடு ஒரு மேட்டில் ஏற்றிப் பார்த்தால் இன்ஜினின் குணமும் தெரிந்துவிடும். சார்ஜ் ஏற்றும் கேபிள் கூடவே வருகிறதா என்பதையும் கேட்டு வாங்குவது நல்லது.

என் விஷயத்தில் முடிவைத் தடுத்து நிற்பது ஒரு பிளக்தான். என் கார் நிற்கும் இடத்துக்கும் என் வீட்டு மின்பெட்டிக்கும் நடுவே 22 மீட்டர் இருக்கிறது. எக்ஸ்டென்ஷன் பெட்டி வைத்து இழுக்கலாமே என்றார்கள்; இரவு முழுக்கத் தொடர்ந்து மின்சாரம் பாயும் இடத்தில் தளர்ந்த பிளக்கும் மெல்லிய ஒயரும் உருகிவிடும் என்பதால் அதற்கு நான் தயாரில்லை. தனி ஒயர், தனி பிரேக்கர், முறையான எர்த் ஆகிய மூன்றும் வேண்டும். எர்த் சரியில்லை என்றால் சார்ஜரே மின்சாரத்தை உள்ளே விடாது. சுவரைத் துளைக்கக் குடியிருப்புச் சங்கத்தின் அனுமதிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் வரும்வரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பின் இருக்கைச் சல்லடையைக் கழற்றித் தூசி தட்டி மாட்டிக்கொண்டு, அந்தப் பழைய ஹைபிரிட்டைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.