பித்தப்பை ஸ்கேன்: மெஷினை விட அழுத்துகிற கை முக்கியம்

வலது விலாவுக்குக் கீழே மணிக்கணக்கில் விடாத வலி, கூடவே காய்ச்சல், வாந்தி என்றால் முதலில் எடுக்க வேண்டியது அல்ட்ராசவுண்ட்தான். சி.டி. அல்ல. கொழுப்புக் கற்கள் பல, பித்தத்தின் அடர்த்தியிலேயே இருப்பதால் சி.டி.யில் தெரியாமல் போகும். அல்ட்ராசவுண்டில் வெள்ளைப் பொட்டாக, பின்னால் கறுப்பு நிழலோடு நிற்கும். கல்லைக் காட்டுவதில் 5க்கு 5 மார்க்.

ஆனால் கல் இருப்பது வேறு, பை அழன்றிருப்பது (பித்தப்பை அழற்சி) வேறு. 'பித்தப்பைக் கல் உள்ளது' என்று ஒரே வரியில் முடிகிற ரிப்போர்ட் பாதி வேலைதான். திரையில் பை தெரிகிற அதே இடத்தில் ப்ரோபால் (உடலில் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் கருவி) அழுத்தும்போது வலி உச்சத்துக்குப் போகிறதா? இதுதான் மர்ஃபி அறிகுறி. இருந்தாலும் இல்லாவிட்டாலும் எழுத வேண்டும். முன்பே வலி ஊசி போட்டிருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள், அறிகுறி மழுங்கியிருக்கும். அடுத்து, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பார்க்க வேண்டும். கல் உருளாமல் பையின் கழுத்திலேயே நின்றால் அடைப்பு என்று அர்த்தம்.

பித்தப்பைச் சுவர் 3 மி.மீ. வரை இயல்பு. சாப்பிட்டுவிட்டுப் போனால் பை சுருங்கி, சுவர் தடித்த மாதிரி ஏமாற்றும். அதனால் 6 மணி நேரம் வெறும் வயிறு. 'அரை டம்ளர் காபிதானே' என்பதும் கணக்கில் சேரும். அவசரம் என்றால் காத்திருக்கத் தேவையில்லை. டெங்கு, கல்லீரல் சுருக்கம், இதயச் செயலிழப்பிலும் சுவர் தடிக்கும். தட்டணு குறைந்த டெங்கு நோயாளியை சுவரை மட்டும் பார்த்து ஆபரேஷனுக்கு அனுப்பினால் ஆபத்து. பித்தப்பை அழற்சிக்கான 2018 டோக்கியோ மருத்துவ வழிகாட்டியும் வயிற்று அறிகுறி, காய்ச்சல் அல்லது ரத்தத்தில் அழற்சி, ஸ்கேன் மூன்றும் ஒத்துப்போனால்தான் உறுதி என்கிறது.

பித்தக்குழாய்க் கல்லுக்கு 5க்கு 2தான். குடல் காற்று கீழ் முனையை மறைத்துவிடும். குழாய் 6 மி.மீ.யைத் தாண்டினாலோ, ரத்தத்தில் பிலிருபின் (மஞ்சள் காமாலை அளவு) ஏறியிருந்தாலோ எம்.ஆர்.சி.பி. (பித்தக்குழாயைக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்) கேளுங்கள்.

பித்தப்பை அழற்சி உறுதியானால் அட்மிஷன், டிரிப்ஸ், வலி மருந்து, ஆன்டிபயாட்டிக். உடல் தாங்கும் என்றால் அதே அட்மிஷனில், முடிந்தால் 72 மணி நேரத்துக்குள் லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழியாகப் பையை எடுக்கும் ஆபரேஷன்). 'ஆறு வாரம் ஆறட்டும்' என்பது பழைய வழக்கம். கல் உள்ளேயே இருப்பதால் இடையில் மறுபடி வரலாம். தாங்காதவர்களுக்கு, இதே ஸ்கேனைப் பார்த்தபடி கல்லீரல் வழியாக ஊசி செலுத்தி, டியூப் வைத்துச் சீழை வடிப்பார்கள்.