டெர்மினலுக்கு வெளியே தடுமாறும் அழகு: ரிச் நூலகத்தின் லாக் ஹேண்ட்லர்

பைத்தான் நிரல்மொழியில், நிரல் ஓடும்போது நடப்பவற்றைப் பதிவுசெய்யும் லாகிங் தொகுதி 2003-இல் வெளிவந்த 2.3 பதிப்பிலிருந்தே மொழியோடு சேர்ந்து வருகிறது. பதிவின் தீவிரத்தைக் குறிக்கும் அதன் ஐந்து நிலைகளும் வடிகட்டும் முறையும் இன்றைக்கும் போதுமானவை. ஆனால் கட்டளை வரி நிரல் ஒன்றைப் பிழைதிருத்தும்போது, ஒரே நிறத்தில் ஓடும் நூற்றுக்கணக்கான வரிகளுக்கிடையே ஓர் எச்சரிக்கையைத் தேடிப் பிடிப்பது கண்ணுக்குப் பெரும் சோதனை. டெர்மினல் என்னும் கட்டளைத் திரையில் நிறத்தோடு அழகாக அச்சிட வில் மெக்கூகன் எழுதிய ரிச் நூலகத்தின் லாக் ஹேண்ட்லர், அதாவது பதிவுகளை வாங்கி வெளியே எழுதும் பகுதி, அந்தச் சிரமத்தைப் பெருமளவு போக்குகிறது. ஏற்கெனவே எழுதியிருக்கும் லாக் அழைப்புகள் எதையும் தொடவேண்டியதில்லை; தொடக்க அமைப்பில் இரண்டொரு வரிகளை மாற்றினால் போதும்.

நேரம், நிலை, செய்தி, கோப்பின் பெயரும் வரி எண்ணும் என ஒவ்வொரு பதிவும் பத்தி பிரித்து அச்சாகிறது. முந்தைய பதிவின் நேரமே மறுபடி வந்தால் அந்த இடம் வெறுமையாக விடப்படுகிறது. சிறிய விஷயம்தான், ஆயினும் பழகியவர்கள் அதை இழக்க விரும்பமாட்டார்கள். இதன் உண்மையான பலம், பிழை எந்த வழியாக எழுந்தது என்று காட்டும் ட்ரேஸ்பேக்கில் இருக்கிறது. அதற்கான விருப்பத்தேர்வை இயக்கிவிட்டால், பிழை எழுந்த வரி அதன் முன்பின் வரிகளோடு நிறம் பிரித்துக் காட்டப்படுவதுடன், கேட்டுக்கொண்டால் அந்த நேரத்தில் உள் மாறிகளில் இருந்த மதிப்புகளும் பட்டியலாக வருவதால், பிரிண்ட் கூற்றுகளை ஆங்காங்கே செருகிப் பார்க்கும் வேலை வெகுவாகக் குறைகிறது. கடவுச்சொல் ஏதேனும் மாறியில் இருந்தால் அதுவும் திரைக்கு வந்துவிடும் என்பதால், பயனர்களிடம் கொடுக்கும் நிரலில் இதை அணைத்து வைப்பதே முறை.

என் மனக்குறை இயல்பமைப்பைப் பற்றியது. பைத்தானோடு வரும் ஸ்ட்ரீம் ஹேண்ட்லர் பிழை வெளியீட்டுக்கு (stderr) எழுத, ரிச் ஹேண்ட்லரோ நிரலின் விடை போகும் வழக்கமான வெளியீட்டுக்கே (stdout) எழுதுகிறது. ஆகவே நிரலின் விடையைப் பைப் வழியாக மற்றொரு நிரலுக்கு அனுப்பும்போது லாக் வரிகளும் அதனுள் கலந்துவிடுகின்றன. பிழை வெளியீட்டுக்கு எழுதும் கன்சோலை (ரிச்சில் அச்சிடும் வேலையைச் செய்யும் பொருள்) உருவாக்கி ஹேண்ட்லரிடம் கொடுத்தால் இது தீரும். அடுத்தது அகலம். வெளியீடு கோப்புக்குத் திருப்பப்பட்டால் நிறக் குறியீடுகளைத் தானாகவே நீக்கிவிடும் இந்த நூலகம், அகலத்தை மட்டும் டெர்மினலின் அளவாகவோ, அது தெரியாதபோது 80 எழுத்துகளாகவோ எடுத்துக்கொண்டு நீண்ட செய்திகளைப் பல வரிகளாக மடித்துவிடுகிறது. பின்னர் வரிவரியாகத் தேடும் கிரெப் கட்டளையைக் கொண்டு தேடினால் செய்தியின் ஒரு துண்டுதான் அகப்படும். அகலத்தைக் கூட்டிக் கொடுக்கலாம், ஆனால் அது ஒட்டுப்போடும் வேலை. வெளியீடு டெர்மினலுக்குப் போகிறதா என்று தொடக்கத்திலேயே சோதித்து, போனால் ரிச், இல்லையேல் பைத்தானின் பழைய ஹேண்ட்லர் என்று நான் பிரித்து வைத்திருக்கிறேன்.