அபு வரிசை மூன்று படங்கள்: கிரைட்டீரியன் புளூரே தொகுப்பு குறித்து ஒரு மதிப்புரை

வாழ்நாளில் பார்த்த படங்களில் எவை மிகச் சிறந்தவை என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்லும் பெயர்கள் பதேர் பாஞ்சாலி (1955), அபராஜிதோ (1956), அபுர் சன்சார் (1959) ஆகியவைதாம். அபு என்ற வங்காளச் சிறுவன் மகனாகவும் மாணவனாகவும் கணவனாகவும் தந்தையாகவும் வளர்வதைச் சொல்லும் இம்மூன்று படங்களையும் சத்யஜித் ராய், விபூதிபூஷண் பந்தோபாத்யாயின் நாவல்களிலிருந்து உருவாக்கினார். அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் 2015ஆம் ஆண்டு இறுதியில் மூன்று வட்டுகளாக வெளியிட்ட புளூரே தொகுப்பு, நீண்ட காலம் கீறல் விழுந்த பிரதிகளிலேயே பார்க்கப்பட்டுவந்த இப்படங்களை அவற்றின் உண்மையான அழகோடு வீட்டுத் திரைக்குக் கொண்டுவந்திருக்கிறது.

இத்தொகுப்பு கைக்குக் கிடைப்பதே அரிய செயல் என்பதை அறிய, படச்சுருள்களுக்கு நேர்ந்ததை அறிய வேண்டும். லண்டனிலுள்ள ஒரு ஆய்வுக்கூடத்தில் 1993ஆம் ஆண்டு ஏற்பட்ட தீயில் மூன்று படங்களின் மூல நெகடிவ்களும் கருகின. மிஞ்சியவை பயன்படாது என்றே அன்று கருதப்பட்டாலும், அவை தூக்கி எறியப்படாமல் அமெரிக்காவிலுள்ள ஆஸ்கார் அகாடமியின் திரைப்படக் காப்பகத்துக்கு அனுப்பி வைக்கப்பட்டன. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, இத்தாலியின் பொலோன்யா நகரிலுள்ள கூடத்தில் கைதேர்ந்தவர்கள் உலர்ந்து முறுகிய சுருள்களுக்கு ஈரப்பதம் ஏற்றி, உருகி ஒட்டிய பசையை அகற்றி, ஓரத்துளைகளைக் கையாலேயே சீர்செய்தார்கள். முதல் படத்தின் நெகடிவில் சுமார் 40 விழுக்காடும், இரண்டாம் படத்தில் 60 விழுக்காட்டுக்கு மேலும் மீட்கப்பட்டன. மூன்றாம் படத்தின் எஞ்சிய பகுதி எதற்கும் உதவாத நிலையில் இருந்ததால், பிற காப்பகங்களில் இருந்த நல்ல பிரதிகளைக் கொண்டு அதை முழுமையாக்கினார்கள்.

அந்த உழைப்பின் பலனைப் பதேர் பாஞ்சாலியின் தொடக்கத்திலேயே உணரலாம். குளத்து நீரின் மேல் ஓடும் பூச்சிகள், நாணல் பூக்களுக்கு நடுவே அக்காள் துர்காவும் அபுவும் ரயிலைத் தேடி ஓடும் வெளி, மூதாட்டி இந்திராக நடித்த சுனிபாலா தேவியின் முகத்துச் சுருக்கங்கள் என எல்லாம் தெளிவாக இருக்கின்றன. படச்சுருளுக்கே உரிய மணித்தன்மையை, அதாவது திரையில் தெரியும் நுண்புள்ளிகளை, துடைத்தெடுத்து முகங்களை மெழுகாக்கும் தவறு இங்கே நடக்கவில்லை. ஒலியும் அப்படியே. மகள் துர்கா இறந்ததை அறியாமல் ஊர் திரும்பிய தந்தை ஹரிஹரன் அவளுக்காக வாங்கிவந்த சேலையை எடுத்துக் காட்ட, தாய் சர்வஜயா வாய்விட்டுக் கதறுகிறாள். அவள் குரல் நமக்குக் கேட்பதில்லை, அந்த இடத்தை ரவிசங்கரின் இசையில் தார் ஷெனாய் என்னும் வில்லிசைக் கருவி நிரப்புகிறது. பழைய பிரதிகளில் இரைச்சலோடு கலந்து கேட்ட அந்த நாதம் இப்போது தனித்து எழுந்து நெஞ்சை அறுக்கிறது.

உலகம் முதல் படத்தையே அதிகம் கொண்டாடுகிறது என்றாலும், என் கணிப்பில் மூன்றிலும் உயர்ந்தது அபராஜிதோதான். வெனிஸ் திரைப்பட விழாவில் 1957ஆம் ஆண்டு தங்கச் சிங்க விருது பெற்ற இப்படத்தை, வங்காளத்து ரசிகர்கள் வெளிவந்த காலத்தில் அவ்வளவாக ஏற்கவில்லை. தாயை விட்டு விலகும் மகனை இவ்வளவு நேர்மையாகக் காட்டியது அவர்களுக்கு உறுத்தியிருக்க வேண்டும். கல்கத்தாவில் படிக்கப்போன அபு, விடுமுறை முடிந்து புறப்பட்டவன், ரயிலில் ஏறாமல் வீடு திரும்பி, வண்டியைத் தவறவிட்டதாகத் தாயிடம் சொல்லும் காட்சியும், நோயுற்ற சர்வஜயா மகனின் தேர்வுக்கு இடைஞ்சலாகிவிடும் என்று தன் நிலையைத் தெரிவிக்காமல் மாலை வெளிச்சத்தில் காத்திருக்கும் காட்சியும், ஊரில் தாயை விட்டுவிட்டு இங்கே சிங்கப்பூரில் வேலைக்கு வந்திருக்கும் நம்மில் பலருக்குக் கதையாக மட்டும் தெரியாது. சர்வஜயாவாக வரும் கருணா பானர்ஜியின் நடிப்பை இந்தியத் திரையின் மிகப் பெரிய சாதனைகளில் ஒன்றாகவே நான் மதிக்கிறேன்.

ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவின் புகழ்பெற்ற உத்தியையும் இவ்வட்டில்தான் சரியாகக் காண முடிகிறது. அபுவின் குடும்பம் குடியிருக்கும் காசி வீட்டின் முற்றத்தைக் கல்கத்தாவின் படப்பிடிப்புக் கூடத்தில் அமைத்தபோது, திறந்த முற்றத்தில் இறங்கும் நிழலற்ற பகல் வெளிச்சத்தைப் பெறுவதற்காக, மேலே வெள்ளைத் துணியை விரித்து, விளக்கின் ஒளியை அதன்மீது பாய்ச்சித் திருப்பிவிட்டார். கூடத்தில் எடுத்த காட்சி எது, காசியின் படித்துறையில் எடுத்தது எது என்று கூர்ந்து பார்த்தும் பிரித்தறிவது கடினம்.

அபுர் சன்சாரில் படத்தின் தெளிவு மற்ற இரண்டைவிடச் சற்றுக் குறைவு. காரணத்தை மேலே சொன்னேன். சௌமித்ர சட்டர்ஜி, ஷர்மிளா தாகூர் இருவருக்கும் அதுவே முதல் படம் என்பதை இன்றும் நம்ப முடியவில்லை.

கூடுதல் பகுதிகளில், நடிகர்களுடனான நேர்காணல்களும், ராய் தம் கட்டுரையைத் தாமே வாசிக்கும் ஒலிப்பதிவும், மீட்புப் பணியைக் காட்டும் குறும்படமும் அவசியம் பார்க்க வேண்டியவை. மற்றவற்றை நேரம் இருந்தால் பார்க்கலாம்.

சிங்கப்பூரில் வாங்க நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். வட்டும் கருவியும் ஒரே விற்பனை மண்டலத்துக்கு உரியவையாக இருந்தால்தான் பொதுவாக வட்டு ஓடும். அமெரிக்கப் புளூரே வட்டுகளும் நம் நாட்டுக் கருவிகளும் ஒரே ‘ஏ’ மண்டலத்தைச் சேர்ந்தவை என்பதால், இங்கே வாங்கிய கருவியில் இத்தொகுப்பு தடையின்றி ஓடும். இந்தியா ‘சி’ மண்டலம். ஊரிலுள்ள உறவினருக்குப் பரிசாக அனுப்புவோர் அவர்களுடைய கருவி எல்லா மண்டல வட்டுகளையும் ஏற்குமா என்று முதலில் விசாரிக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து இணையம் வழி வாங்கும் 400 வெள்ளிக்குட்பட்ட பொருள்களுக்கும் 2023 முதல் பொருள் சேவை வரி உண்டு. விலையோடு அதையும் அஞ்சல் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

எனக்குள்ள ஒரே மனக்குறை, வசனங்களுக்கு ஆங்கில சப்டைட்டில் மட்டுமே இருப்பது. இப்படங்களை முழுமையாக உணரக்கூடிய நம் வீட்டுப் பெரியவர்களில் பலர் அதை வேகமாக வாசிக்க இயலாதவர்கள். அவர்களுடன் பார்ப்பவர்கள், ‘நாகம்மாள்’ ஆசிரியர் ஆர். சண்முகசுந்தரம் தமிழாக்கிய ‘பதேர் பாஞ்சாலி’ நாவலை முன்பே படித்துக் கதையைச் சொல்லி வைத்தால், முதல் படத்துக்காவது அவர்கள் எழுத்தைத் தேடாமல் முகங்களைப் பார்க்க முடியும். மூன்றையும் ஒரே நாளில் பார்த்து முடிக்க நினைக்காதீர்கள். மொத்தம் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஓடுபவை. அபராஜிதோ முடிந்த பிறகு அடுத்த வட்டைப் போட மனம் ஒப்பாது.