ஐடிஎஸ்-க்கு யார் தகவல் தருவது: என்மேப்பா, பி0எஃப்பா?

ஐடிஎஸ் என்பது வலைப்பின்னலில் ஊடுருவலைக் கண்டறிந்து எச்சரிக்கும் அமைப்பு. தான் காவல் காக்கும் கணினிகளைப் பற்றி எதுவும் தெரியாத ஐடிஎஸ்-க்கு எல்லாத் தாக்குதலும் ஒன்றுதான். மைக்ரோசாஃப்டின் ஐஐஎஸ் வெப் சர்வர் ஓடும் விண்டோஸ் கணினி மீது யாராவது அப்பாச்சி என்ற வேறொரு வெப் சர்வருக்கான தாக்குதலை ஏவினாலும் எச்சரிக்கும். அதைவிடப் பெரிய சிக்கலை தாமஸ் டாசெக் (Ptacek), திமோத்தி நியூஷாம் (Newsham) என்ற பாதுகாப்பு ஆய்வாளர்கள் இருவரும் 1998-லேயே எழுதிக் காட்டினார்கள். வலைப்பின்னலில் தரவு பாக்கெட் என்ற சிறு பொதிகளாகப் போகிறது. துண்டாக்கப்பட்ட பாக்கெட்டின் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது சில இயங்குதளங்கள் முதலில் வந்த தரவை வைத்துக்கொள்கின்றன. சில, பின்னால் வந்ததை. இலக்குக் கணினி எந்த வகை என்று தெரியாத ஐடிஎஸ் வேறொரு செய்தியைப் படித்துவிட்டு, தாக்குதலைக் கோட்டைவிடும். எந்த ஐபி முகவரியில் எந்த இயங்குதளம் என்று குறிக்க சுரிகாட்டா என்ற ஐடிஎஸ் மென்பொருளின் அமைப்புக் கோப்பில் தனி இடம் இருப்பது இதற்காகத்தான்.

அந்த இடத்தை எதை வைத்து நிரப்புவது?

என்மேப் என்பது கணினிகளை ஸ்கேன் செய்யும் கருவி. நேரே போய்க் கதவைத் தட்டும். யாரும் பயன்படுத்தாமல் திறந்து கிடக்கும் போர்ட்டும் (கணினியில் ஒரு சேவைக்கான எண்ணிட்ட வாசல்), பெரும்பாலும் மென்பொருளின் பதிப்பு எண்ணும் அகப்படும். முடிவு எக்ஸ்எம்எல் என்ற, மென்பொருள்கள் எளிதாகப் படிக்கும் வடிவத்தில் கிடைப்பதால் ஐடிஎஸ்-க்கு ஏற்ப மாற்றுவதும் எளிது. ஆனால் கணினிகளுக்கு ஐபி முகவரியைத் தானாக வழங்கும் டிஹெச்சிபி, முகவரியை மாற்றியதும் அந்தத் தகவல் பொய்யாகிவிடும். பழைய பிரின்டர்களும் ஆலைக் கட்டுப்பாட்டுக் கருவிகளும் ஸ்கேனைத் தாங்காமல் உறைந்துபோவதுண்டு. ஸ்கேன் செய்யும் கணினியின் முகவரிக்கு ஐடிஎஸ்-இல் முழு விலக்கு அளிக்கும் பழக்கம்தான் எனக்குப் பெரிய கவலை. அந்தக் கணினி தாக்குபவர் கையில் சிக்கினால் ஐடிஎஸ் எதையும் பார்க்காது. ஸ்கேன் தொடர்பான விதிகளுக்கு மட்டும், ஸ்கேன் நடக்கும் நேரத்துக்கு மட்டும் விலக்கு கொடுங்கள்.

பி0எஃப் (p0f) என்ற கருவி எதையும் அனுப்பாது. கடந்துபோகும் பாக்கெட்டுகளைக் கவனிக்கும். இணைப்பைத் தொடங்கும் சின் பாக்கெட்டில் டிடிஎல் என்ற எண் இருக்கும்; ஒவ்வொரு ரவுட்டரைக் கடக்கும்போதும் அது ஒன்று குறையும். அது 128 அல்லது அதற்குச் சற்றுக் கீழே இருந்தால் பெரும்பாலும் விண்டோஸ். 64 அல்லது அதற்குச் சற்றுக் கீழே இருந்தால் லினக்ஸ் போன்றவை. அதே பாக்கெட்டில் வரும் டிசிபி விருப்பங்களின் (இணைப்புக்கான கூடுதல் அமைப்புகள்) வரிசை அந்த ஊகத்தை வலுப்படுத்தும். வலைப்பின்னலுக்குச் சுமையில்லை, தகவலும் புதிதாகவே இருக்கும். பேசாத கணினி மட்டும் அதன் கண்ணில் படாது.

துண்டுகளைச் சேர்க்கும் முறைக்கு இயங்குதளத்தின் வகை தெரிந்தால் போதும். அதற்கு பி0எஃப் பக்கம்தான் நான். எச்சரிக்கைகளைத் தரம் பிரிக்கப் பதிப்பு எண் வேண்டும், அதற்கு என்மேப். அதை நம்பி எச்சரிக்கையை அடியோடு நீக்காதீர்கள், முன்னுரிமையை மட்டும் குறையுங்கள். ஒரே முகவரியை என்மேப் லினக்ஸ் என்றும் பி0எஃப் விண்டோஸ் என்றும் சொன்னால், மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு முதலில் அந்தக் கணினியைப் பாருங்கள்.