தனித்தனிப் படைகளா, கூட்டுக் கட்டளையா?

பினாங்கிலிருந்து படகில் பட்டர்வொர்த் செல்கையில் தலைக்கு மேல் இரைந்து போகும் போர் விமானங்களைப் பார்த்துப் பழகிய நம்மில் பலருக்கு, 1971 முதல் மலேசியா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் ஆகிய ஐந்து நாடுகளின் வான் பாதுகாப்புத் தலைமையகம் பட்டர்வொர்த் விமானத் தளத்திலேயே ஒரே தளபதியின்கீழ் இயங்கி வருவது தெரியாது. ஐந்து நாடுகளுக்கு இயல்வது ஒரே நாட்டின் மூன்று படைகளுக்கு அரிதாக இருப்பது வியப்புதான்.

ஒவ்வொரு படைக்கும் தனித் தலைமை இருப்பதன் வலிமையை, முப்படைகளையும் வட்டாரவாரியாக ஒரே தளபதியின்கீழ் வைக்கும் கூட்டுக் கட்டளைக்கு இந்திய விமானப்படை காட்டும் தயக்கம் உணர்த்துகிறது. அனுமதிக்கப்பட்ட 42 போர் விமானப் படையணிகளே நிரம்பாதபோது, இருக்கும் விமானங்களையும் வட்டாரவாரியாகப் பங்கிட்டால், நெருக்கடி வரும் முனைக்கு அவற்றை உடனே திருப்புவது கடினமாகும்.

ஆனால் அதே இந்தியாவில் ‘கிழக்குக் கட்டளையகம்’ என்ற பெயரில் தரைப்படைக்குக் கொல்கத்தாவிலும், விமானப்படைக்கு ஷில்லாங்கிலும், கடற்படைக்கு விசாகப்பட்டினத்திலும் மூன்று தலைமையகங்கள் உள்ளன. அந்தமானில் மட்டும் 2001 முதல் முப்படையும் ஒரே தளபதியின்கீழ் உள்ளன; தீவுகளுக்கு அதுவே பொருந்துகிறது.

மலேசியாவும் தென்சீனக் கடலால் இரண்டாகப் பிரிந்த நாடு. 2013இல் சபாவின் லகாட் டத்துவில் ஊடுருவியவர்களை எதிர்த்துக் காவல்துறை, தரைப்படை, விமானப்படை என யாவும் இறங்க வேண்டியிருந்தது. ஆகவே சபா, சரவாக்கைப் பொறுத்தவரை கூட்டுக் கட்டளையே ஏற்றது என்பேன். விமானங்களை மட்டும் தீபகற்பத்திலிருந்தே பகிர்ந்தளிக்கலாம்.