டியாக்ரா 4700: சிக்கனமாகக் கட்டிய பந்தய மிதிவண்டியில் ஒரு பருவம்

சிக்கனமாக ஒரு பந்தய மிதிவண்டியைக் கட்ட முனைகிறவர் முதலில் தடுமாறும் இடம் குரூப்செட்தான். கிராங்க், கேசட் (பின்சக்கரத்தின் பற்சக்கர அடுக்கு), சங்கிலி, முன்பின் டெரெய்லர்கள் (சங்கிலியைப் பல் விட்டுப் பல் நகர்த்துபவை), கியர் லிவர்கள், பிரேக்குகள் எல்லாம் அடங்கிய அந்தத் தொகுதிக்கு எவ்வளவு செலவிடுகிறோமோ, அதைப் பொறுத்தே டயருக்கும் காலணிக்கும் கையில் என்ன மிஞ்சும் என்பது முடிவாகிறது. பழைய அலுமினிய ஃபிரேம் ஒன்றில் ஷிமானோவின் டியாக்ரா 4700 தொகுதியை என் கையாலேயே பொருத்தி, பதினான்கு வாரம் பயிற்சி செய்து, அதன்பின் ஒரு முழுப் பருவம் அமெச்சூர் பந்தயங்களில் ஓட்டியிருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்தே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். பந்தயத்துக்குப் புதியவருக்கு இந்தத் தொகுதி போதும் என்பதும், அதில் கியர்களின் எண்ணிக்கையைவிட அவற்றுக்கு இடையே உள்ள இடைவெளியே முக்கியம் என்பதும் என் முடிவு.

ஷிமானோவின் வரிசையில் டியாக்ரா, சோரா என்ற தொகுதிக்கு மேலேயும் 105 என்ற தொகுதிக்குக் கீழேயும் நிற்கிறது. 4700 என்ற எண்ணைத் தாங்கிய தலைமுறை 2015இல் வந்தது. பின்னால் பத்துப் பற்சக்கரங்கள், முன்னால் பெரும்பாலும் இரண்டு. நான்கு கைகள் கொண்ட கிராங்க், ஹேண்டில்பார் நாடாவுக்கு அடியில் மறைந்து செல்லும் கியர் கேபிள் என, அன்று மேல்நிலைத் தொகுதிகளில் இருந்த அமைப்புகள் இதிலும் இறங்கின. பத்து கியர் என்றவுடன் அதைப் பழம்பொருளாக ஒதுக்கிவிடுகிறவர்களை நான் சந்தித்திருக்கிறேன். 2012இல் டியூரா-ஏஸ் 9000 வரும்வரை ஷிமானோவின் மிக உயர்ந்த தொகுதியும் பத்துப் பற்சக்கரங்களோடுதான் ஓடியது. உலகின் பெரும் பந்தயங்களே அவற்றில் வெல்லப்பட்டன.

வாங்குகிறவர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. பத்து கியர் என்று எழுதியிருப்பதாலேயே எல்லாப் பத்து கியர் பாகங்களும் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும் என்று நினைக்கக்கூடாது. 4700 லிவர் ஒவ்வொரு சொடுக்குக்கும் இழுக்கும் கேபிளின் நீளம் முந்தைய 4600 தலைமுறையைப் போன்றதன்று. அது பதினொரு கியர் தொகுதிகளின் இழுப்பை ஒட்டியது. ஆகவே பழைய பத்து கியர் பின் டெரெய்லரை இதனோடு இணைத்தால், இரண்டு மூன்று கியர்கள் சரியாக விழுந்து மற்றவை இரண்டு பற்சக்கரங்களுக்கு நடுவே தத்தளிக்கும். சங்கிலிக்கும் கேசட்டுக்கும் இந்தக் கட்டுப்பாடு இல்லை. உதிரியாகப் பாகங்களைச் சேர்க்கிறவர்கள் லிவரையும் பின் டெரெய்லரையுமாவது ஒரே தலைமுறையில் எடுத்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது.

பொருத்தும் வேலையைத் தொடங்குவதற்கு முன் ஃபிரேமின் அளவை உறுதி செய்துகொள்ளுங்கள். இருக்கையின் உயரத்துக்கு, காலின் உட்புற நீளத்தை 0.883ஆல் பெருக்கும் பழைய கணக்கைத் தொடக்கமாக வைத்துக்கொண்டேன்; 81 செ.மீ. கால் நீளத்துக்கு, கிராங்கின் அச்சைத் தாங்கும் பாட்டம் பிராக்கெட்டின் நடுவிலிருந்து இருக்கையின் மேற்பரப்பு வரை ஏறக்குறைய 71.5 செ.மீ. வரும். அதன்பிறகு முழங்கால் சொல்வதைக் கேட்டு அரை செ.மீ. ஏற்றவோ இறக்கவோ செய்யலாம். ஃபிரேமின் நீளம் பொருந்தாவிட்டால் எந்தக் குரூப்செட்டும் அதை ஈடுசெய்யாது.

கிராங்க் 24 மி.மீ. தடிமனுள்ள ஒரே அச்சோடு வருவதால் பொருத்துவது எளிது. பாட்டம் பிராக்கெட்டின் கிண்ணங்களை முறுக்கும்போது மட்டும் நிதானம் வேண்டும். ஆங்கிலப் புரியுள்ள ஃபிரேமில் வலப்பக்கக் கிண்ணம் எதிர்ப்புரியில் அமைந்திருக்கும். அதை இடஞ்சுழியாகத் திருப்பினால்தான் இறுகும். இத்தாலியப் புரி என்றால் இரு பக்கமும் வழக்கமான திசைதான், கிண்ணங்கள் பொருந்தும் ஃபிரேமின் குழாயும் 68 மி.மீ.க்குப் பதில் 70 மி.மீ. அகலம் இருக்கும். பழைய ஃபிரேமை வாங்குகிறவர் அந்த அகலத்தை அளந்து பார்த்துவிட்டே கிண்ணத்தை வாங்க வேண்டும். இடக் கிராங்க் கையின் இரண்டு திருகுகளும் 12 முதல் 14 நியூட்டன் மீட்டர் வரை முறுக்கம் கேட்கின்றன. ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு மற்றதற்குப் போகாமல், மாறிமாறிச் சிறிது சிறிதாக ஏற்ற வேண்டும். கேசட்டின் பூட்டு வளையத்துக்கு 40 நியூட்டன் மீட்டர். பதினொரு கியருக்கான ஹப்பில் பத்து கியர் கேசட்டைப் போடும்போது முதலில் 1.85 மி.மீ. இடைவளையம் உள்ளே போக வேண்டும். அதை மறந்தால் பூட்டு வளையத்தை எவ்வளவு இறுக்கினாலும் கேசட் ஆடும்.

எனக்குக் கிடைத்த ஃபிரேம் ஒருபோதும் கீழே விழாதது என்று விற்றவர் உறுதியாகச் சொன்னார். கேபிளை இறுக்கி, மேல் கீழ் எல்லைத் திருகுகளைச் சரிபார்த்து, சக்கரத்தைச் சுற்றவிட்டேன். சிறிய பற்சக்கரங்களில் சங்கிலி அமைதியாக ஓடியது. நடுவிலிருந்து மேலே ஏற ஏற அடுத்த பல்லை உரசிக்கொண்டே இருந்தது. ஒரு முனையைத் திருத்தினால் மறுமுனை கெட்டது. இரண்டு மாலைகள் கேபிளோடு மல்லுக்கட்டிய பிறகுதான் டெரெய்லரைத் தாங்கும் ஹேங்கரை அளவுகோல் வைத்துப் பார்த்தேன். ரிம்முக்கும் கோலின் நுனிக்கும் மேலே இருந்த இடைவெளியைவிடக் கீழே இருந்தது 9 மி.மீ. குறைவாக இருந்தது. ஹேங்கர் உள்நோக்கி வளைந்திருந்தது. வண்டி எப்போதோ வலப்பக்கமாக விழுந்திருக்கிறது. அலுமினியத்தை நிமிர்த்துவதைவிட மாற்றுவதே பத்திரம் என்பதால் புதிய ஹேங்கரைப் போட்டேன், பத்து கியரும் கால் மணி நேரத்தில் ஒழுங்குக்கு வந்தன. பழைய ஃபிரேமை வாங்குகிறவர்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்: விற்பவர் என்ன சொன்னாலும், ஹேங்கரை முதலில் அளந்து பாருங்கள். பழைய சக்கரமும் வாங்குவதானால், பிரேக் கட்டைகள் உரசும் ரிம்மின் பக்கச்சுவர் குழிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். குழிந்த ரிம்மில் பந்தயம் ஓட்டக்கூடாது.

முன் டெரெய்லருக்குப் பொறுமை தேவைப்படுகிறது. கூண்டின் வெளித்தகடு பெரிய சங்கிலிச் சக்கரத்தின் பற்களுக்கு மேல் 1 முதல் 3 மி.மீ. உயரத்தில் நின்றாக வேண்டும், சக்கரத்துக்கு இணையாகவும் இருக்க வேண்டும். ஒருமுறை சரியாக அமைந்தபின் பருவம் முழுவதும் நான் அதைத் தொடவே இல்லை.

இனி கேசட். இந்தத் தொகுதியின் தரத்தைத் தீர்மானிப்பது இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். பத்து கியருக்கு 11-34, 11-32, 12-28, 11-25 எனப் பல கேசட்டுகள் கிடைக்கின்றன; முதல் எண் மிகச் சிறிய பற்சக்கரத்தின் பற்கள், அடுத்தது மிகப் பெரியதன் பற்கள். மலையேற உதவும் என்று நான் முதலில் 11-34ஐப் போட்டேன். அதன் பற்கள் 11, 13, 15, 17 என்று இரண்டிரண்டாகத் தாவுகின்றன. தனியாகப் பயிற்சி செய்யும்போது இது உறுத்தவில்லை. நமக்கு வசதியான வேகத்தை நாமே அமைத்துக்கொள்கிறோம். கூட்டத்தில் வேகத்தை மற்றவர்கள் முடிவு செய்கிறார்கள். சமதளச் சுற்றுப்பந்தயம் ஒன்றில் கூட்டம் மணிக்கு 40 கி.மீ.க்குச் சற்று மேலாக ஓடிக்கொண்டிருந்தது. டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.1 மீட்டர், முன்னால் 50 பல், பின்னால் 15 பல் என்றால் அந்த வேகத்துக்கு நிமிடத்துக்கு 96 சுற்று மிதிக்க வேண்டும், 13 பல்லுக்கு மாறினால் 84 சுற்று. எனக்கு இயல்பான 90 சுற்றுக்கு அந்தக் கேசட்டில் இடமே இல்லை. முதல் அரைமணி நேரம் இரண்டுக்கும் நடுவே மாறிமாறி அலைந்தேன். 13இல் தொடை கனத்தது, 15இல் மூச்சு வாங்கியது. ஒவ்வொரு மாற்றத்திலும் முன்னே போகிறவரின் சக்கரத்திலிருந்து அரை மீட்டர் விலகி, அதை மீட்க ஒருமுறை உந்த வேண்டியிருந்தது. அந்தச் சிறு உந்தல்கள்தாம் கடைசிச் சுற்றுக்கு வேண்டிய வலுவைத் தின்றுவிட்டன.

அடுத்த பந்தயத்துக்குள் 12-28க்கு மாறினேன். அதன் பற்கள் 12, 13, 14, 15, 17, 19, 21, 23, 25, 28. விட்டுப்போயிருந்த 14 இப்போது கிடைத்தது, அதே 40.5 கி.மீ. வேகத்தில் கால் 90 சுற்றிலேயே நின்றது. இதை 105 ஆர்7000 தொகுதியின் பதினொரு கியர் 11-28 கேசட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் என் ஐயம் முழுதாக நீங்கியது. அதில் 12 முதல் 28 வரை இதே பத்துப் பற்சக்கரங்கள்தாம். பதினொன்றாவதாகச் சேர்வது 11 பல் மட்டுமே. 50க்கு 12 என்ற கியரில் நிமிடத்துக்கு 110 சுற்று மிதித்தால் மணிக்கு 57 கி.மீ.யைத் தாண்டிவிடலாம். அதற்கு மேல் இறக்கத்தில் மிதிப்பதைவிட உடலைக் குறுக்கி உட்காருவதே பலன் தரும். இந்த 12-28 கேசட்டில் நான் உண்மையிலேயே ஏங்கும் பல் ஒன்று உண்டு. அது 11 அன்று, 16. பதினொரு கியரின் 12-25 கேசட்டில் அது இருக்கிறது. தனியாகக் கடிகாரத்தை எதிர்த்து நேரப் பந்தயம் ஓட்டுகிறவர்களுக்கு 15க்கும் 17க்கும் நடுவே உள்ள இந்தப் பள்ளம் நிச்சயம் தெரியும். அவர்கள் அந்தப் பதினொரு கியர் 105க்குச் செலவிடுவது நியாயமே.

28 பல் மலைக்குப் போதுமா என்பதற்குப் பயிற்சியே விடை தந்தது. சராசரி 6 சதவீதச் சரிவுள்ள 5 கி.மீ. ஏற்றத்தில், அதாவது 300 மீட்டர் உயரத்தை, தொடக்கத்தில் 20 நிமிடத்தில் ஏறினேன். மணிக்கு 15 கி.மீ. வேகம், முன்னால் 34, பின்னால் 25 பல்லில் நிமிடத்துக்கு 88 சுற்று. 28 பல் கையிருப்பாகவே இருந்தது, 10 சதவீதச் சரிவுள்ள சிறு திருப்பங்களில் மட்டும் அதைத் தொட்டேன். இதைவிடக் கடுமையான மலைகளில் ஓட்டுகிறவர்களும், உடல் எடை கூடுதலாக உள்ளவர்களும் 11-32ஐப் பரிசீலிக்கலாம்.

மிதிக்கும் திறனை வாட்டில் அளக்கும் பவர் மீட்டர் வாங்கும் வசதி எனக்கு இல்லை. அதே ஏற்றத்தையே அளவுகோலாக்கினேன். ஓட்டுபவரும் வண்டியும் சேர்த்து 80 கிலோ என்றால், 300 மீட்டரை 20 நிமிடத்தில் ஏற, எடையைத் தூக்க மட்டும் ஏறக்குறைய 196 வாட் வேண்டும். காற்றும் உருள் தடையும் அதற்கு மேல். இங்கே குரூப்செட்டின் எடையைக் கணக்கிட்டுப் பாருங்கள். உயர்ந்த தொகுதி 300 கிராம் குறைவு என்று வைத்துக்கொண்டாலும், 80 கிலோவில் அது நூற்றுக்கு அரைப் பங்குகூட இல்லை. இருபது நிமிட ஏற்றத்தில் நாலரை நொடி மிச்சம். பதினான்கு வாரப் பயிற்சி அதே ஏற்றத்தை 18 நிமிடம் 25 நொடிக்குக் கொண்டுவந்தது. 95 நொடிகள். எடையைக் குறைக்கச் செலவிடத் துடிக்கும் நண்பர்களுக்கு இந்த இரண்டு எண்களையும் அருகருகே எழுதிக் காட்டுகிறேன்.

அந்தப் பயிற்சியில் மாயம் எதுவும் இல்லை. வாரத்துக்கு ஏழு மணி நேரம் கிடைத்தது. இரண்டு நாள்கள் மட்டும் கடுமையாக ஓட்டினேன்: ஒரு நாள் இருபது நிமிடம் வீதம் இரண்டு முறை, ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய உச்ச உழைப்பில் பத்தில் ஒன்பது பங்கு, மற்றொரு நாள் நான்கு நிமிடம் வீதம் ஐந்து முறை, முடிவில் பேச்சு வராத அளவுக்கு. மற்ற நாள்களில் இதயத் துடிப்புப் பட்டையைப் பார்த்து, முழு வாக்கியங்களில் பேச முடிகிற வேகத்தைத் தாண்டவில்லை. ஒவ்வொரு நான்காவது வாரமும் சுமையைக் குறைத்தேன். கூட்டத்தில் ஓட்டப் பழகுவதையும் பயிற்சியின் பகுதியாகவே கருத வேண்டும். காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் திறன் வேகத்தின் மூன்றாம் அடுக்காக (வேகம் இருமடங்கானால் எட்டு மடங்காக) ஏறுவதால், இன்னொருவரின் சக்கரத்தை ஒட்டி நிழலில் ஓட்டத் தெரிந்தவர் தன் வலுவைவிட வேகமான கூட்டத்தோடும் கடைசிவரை தாக்குப்பிடிக்கலாம்.

அங்கேதான் லிவர்களின் அருமை தெரிகிறது. வளைவில் இருந்து வெளியேறும்போது, கைகள் ஹேண்டில்பாரின் கீழ்வளைவில் இருக்க, பார்வையை முன்சக்கரத்திலிருந்து எடுக்காமல் விரல் நுனியால் ஒரு சொடுக்கு. சங்கிலி அடுத்த பல்லில் அமர்வது காதுக்குக் கேட்கிறது. பிடியிலிருந்து கையை எடுக்க வேண்டிய தேவை ஒருமுறைகூட ஏற்படவில்லை. ரிம் பிரேக்குகள் உலர்ந்த சாலையில் எனக்குக் குறையேதும் வைக்கவில்லை. மழையில் மட்டும், எந்த ரிம் பிரேக்கும் நீரை வழித்துவிட்ட பிறகே பிடிக்கும் என்பதால், வளைவுக்கு முன்பே மெதுவாகத் தொட்டு வைக்க வேண்டும். ஈரமான இறக்கங்களில் அடிக்கடி ஓட்டுகிறவர் ஃபிரேமை வாங்கும்போதே டிஸ்க் பிரேக்கைப் பற்றி முடிவு செய்துவிடுவது நல்லது. வாங்கிய பிறகு மாற்ற முடியாது.

மிச்சப்பட்ட பணத்தில் இரண்டு பொருள்களை வாங்கினேன். ஒன்று, பாதத்துக்குச் சரியாகப் பொருந்திய காலணி. மற்றொன்று 25 மி.மீ. அகலத்தில் நல்ல டயர்கள். வண்டியோடு வந்த கனத்த டயர்களைக் கழற்றிவிட்டு இவற்றைப் போட்ட முதல் நாளே வேறுபாடு கால்களுக்குத் தெரிந்தது. குரூப்செட்டை மாற்றி இப்படி ஒரு வேறுபாட்டை நான் உணர்ந்ததே இல்லை.

பருவத்தின் நடுவில் ஒருமுறை கியர் மாறுவது தயங்கியது. நான் சிக்கனம் பார்த்து வேறிடத்தில் வாங்கிப் போட்டிருந்த கேபிளின் இழைகள் லிவருக்குள் ஒவ்வொன்றாகப் பிரிந்திருந்தன. துருப்பிடிக்காத நல்ல கேபிளும் புதிய உறையும் போட்டதும் பழைய சொடுக்கு திரும்பியது. கேபிளில் மிச்சம் பிடிப்பது சிக்கனமாகாது. ஆண்டுக்கு ஒருமுறை, பந்தயங்கள் தொடங்குவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

சங்கிலியை மாதந்தோறும் தேய்மான அளவுகோலால் சோதித்துவந்தேன். பத்து கியர் சங்கிலியை 0.75 சதவீத நீட்சியில் மாற்றிவிட்டால் கேசட் தப்பும். கடைசிப் பந்தயத்துக்கு மறுவாரம் அளவுகோலின் அந்த முனை முதன்முறையாக உள்ளே இறங்கியது. 12-28 கேசட்டின் பற்களில் 15, 17 இரண்டும் பளபளத்தாலும் கூர்மையாகவில்லை. புதிய சங்கிலியைப் பழைய கேசட்டிலேயே போட்டு, நின்றபடி முழு வலுவோடு மிதித்துப் பார்த்தேன். ஒரு பல்கூட நழுவவில்லை. அடுத்த பருவத்துக்கும் இதே தொகுதிதான்.