நான் வாங்கிய காபனீரொட்சைட்டு மீற்றர்

வெள்ளவத்தையில் ஏ.எல் உயிரியல் ரியூஷன் நடத்துகிறேன். ஒளித்தொகுப்புப் பாடத்துக்குக் காட்டலாமே என்று 18,500 ரூபாவுக்கு இந்த மீற்றரை வாங்கினேன். இது இரண்டாவது. முதலில் புறக்கோட்டைக் கடையொன்றில் 4,500க்கு எடுத்தது சுத்தப் பொய். சனிற்றைசர் போத்தலைப் பக்கத்தில் திறந்ததும் 400இலிருந்து 3,000க்குப் பாய்ந்தது. உள்ளே இருந்தது ஆவி, வாசனைகளை முகர்ந்து குத்துமதிப்பாக ஓர் எண்ணைப் போடும் சென்சர். கொண்டுபோய்க் காட்டினால், "வேலை செய்யுதுதானே அக்கா" என்றார் கடைக்காரத் தம்பி. திருப்பி எடுக்கவில்லை.

இப்போதுள்ளது செந்நிறக்கீழ்க் கதிரால் அளப்பது. வாங்குகிறவர்கள் பெட்டியில் அந்த முறையின் சுருக்கப்பெயரான 'என்டிஐஆர்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஏசி போட்டு யன்னல் பூட்டிய அறை, 30 பிள்ளைகள்: 40 நிமிடத்தில் 2,300 பிபிஎம் (காற்றின் பத்து இலட்சம் பங்கில் 2,300 பங்கு). கொட்டாவிக்கு என் படிப்பித்தல் மட்டும் காரணமில்லை என்று கொஞ்சம் ஆறுதல்.

ஆனால் நான் ஆசைப்பட்டது வேறு. அலாஸ்காவின் வடகோடியில், 71 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிற பறோ ஆய்வகத்தில் காபனீரொட்சைட்டு ஒரே வருடத்துக்குள் 15 பிபிஎம்முக்கு மேல் ஏறி இறங்கும். மே மாதம்வரை உச்சத்தில் நிற்கும். ஊசியிலைக் காடுகளும் தூந்திராவும் பச்சை பிடித்து அதை உறிஞ்சத் தொடங்கியதும் மடமடவென்று சரிந்து ஓகஸ்டில் அடியைத் தொடும். அப்புறம் குளிர்காலம் முழுக்க மண்ணும் உக்கிய இலையும் சுவாசித்துத் திருப்பிக் கொடுக்கும். ஹவாயின் மௌனா லோவாவில் இதே ஆட்டம் 6, 7தான். தென்முனையில் 1 அளவு. வடக்கில் 45 பாகைக்கு அப்பால் மேல்வளியில் இந்த வீச்சு 1960 அளவில் இருந்ததைவிட ஏறக்குறைய 50 வீதம் கூடியிருக்கிறது.

அந்த மூச்சின் சின்ன நிழலாவது எங்கள் மொட்டைமாடியில் தெரியுமா என்று வைத்துப் பார்த்தேன். தெரியாது. கையேட்டிலேயே 50 பிபிஎம் கூடலாம், குறையலாம் என்று போட்டிருக்கிறார்கள். அதைவிட மோசம், வாரத்தில் கண்ட ஆகக் குறைந்த அளவை இது தானாகவே 400 என்று திருத்திக்கொள்கிறது. வெளிக்காற்றே 420ஐத் தாண்டிவிட்டது! பறோவுக்கே கொண்டுபோய் வைத்தாலும் வாராவாரம் வளைகோட்டை அழித்துவிடும். நிறுத்த மெனுவில் வழியில்லை.

சார்ஜ் ஒரு நாள் நிற்கும். வகுப்பறைக்கு நான்கு நட்சத்திரம் கொடுப்பேன். பறோ வளைகோட்டை அச்சடித்துச் சுவரில் ஒட்டிவிட்டேன். 1,500 தாண்டினால் யன்னல் திறப்பது முன்வாங்குப் பிள்ளையின் வேலை.